கழிவுநீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ் நீக்கம்: முன்சுத்திகரிப்பின் பங்கு

நகரக் கழிவுநீரில் மிதந்தும் படிந்தும் வரும் அழுக்கை நீக்குவது எளிது. கரைந்து வரும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் நீக்குவதுதான் கடினம். மனிதர் ஒருவரிடமிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 13 கிராம் நைட்ரஜனும், 1 முதல் 2.5 கிராம் பாஸ்பரசும் பாதாளச் சாக்கடையைச் சேர்கின்றன. நைட்ரஜனின் பெரும்பகுதி சிறுநீரிலிருந்து வருகிறது. பாஸ்பரஸ் மனிதக் கழிவிலிருந்தும் சலவைத்தூளிலிருந்தும் வருகிறது. இவை ஏரியையோ கழிமுகத்தையோ அடைந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகுகின்றன. அவை மடிந்து அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகின்றன. அமோனியா மீன்களுக்கு நேரடியாகவே நஞ்சு.

இந்த ஊட்டங்களை நீக்கும் வேலை சுத்திகரிப்பு நிலையத்தின் நடுவில் உள்ள உயிரியல் தொட்டிகளில் நடக்கிறது. அந்த வேலை எந்த அளவுக்கு நடக்கும் என்பதோ அதற்கு முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது. சல்லடை, மணல் நீக்கும் தொட்டி, முதல்நிலைப் படிவுத் தொட்டி, வேதிப்பொருள் சேர்த்துப் படியவைத்தல், நுண்சல்லடை, கசடு நொதித்தல், காற்றில்லாத் தொட்டி என உயிரியல் தொட்டிக்கு முன்னால் வரும் அனைத்தும் இங்கே முன்சுத்திகரிப்பு எனப்படுகின்றன. இவை ஒவ்வொன்றும் நீரிலிருந்து எதை எடுக்கின்றன, எதை விட்டுவைக்கின்றன என்பதைப் பொறுத்தே அடுத்த கட்டத்தின் வெற்றி தோல்வி அமைகிறது.

நுண்ணுயிர்களின் தேவைகள்

நைட்ரஜன் நீக்கம் இரண்டு படிகளில் நடக்கிறது. முதல் படி நைட்ரேட்டாக்கம். காற்று ஊட்டப்படும் தொட்டியில் ஒருவகை பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை முழுமையாக நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மையும் செலவாகிறது. இந்த பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை. கரிமப்பொருள் மிகுதியாக இருந்தால் வேகமாக வளரும் பிற பாக்டீரியாக்கள் ஆக்சிஜனையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது படி நைட்ரேட் ஒடுக்கம். காற்று ஊட்டப்படாத தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் கரிமப்பொருளை உண்டு, ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டைச் சுவாசித்து, நைட்ரஜனை வாயுவாக வெளியேற்றுகின்றன. முதல் படிக்கு இடைஞ்சலாக இருந்த அதே கரிமப்பொருள் இந்தப் படிக்கு உணவாகிறது. பி.ஓ.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, மொத்த நைட்ரஜனைப் போல நான்கு மடங்காவது இருந்தால்தான் இந்த வேலை ஓரளவு முழுமையாக நடக்கும் என்பது வடிவமைப்பாளர்கள் கைக்கொள்ளும் பொதுவிதி.

உயிரியல் முறையில் பாஸ்பரசை நீக்குவதற்கு நிபந்தனை இன்னும் கடுமை. பாஸ்பரசைச் சேமிக்கும் பாக்டீரியாக்கள், ஆக்சிஜனும் நைட்ரேட்டும் இல்லாத தொட்டியில் அசிட்டிக் அமிலம் போன்ற ஆவியாகும் கொழுப்பு அமிலங்களை உட்கொள்கின்றன. பிறகு காற்றுத் தொட்டியில் தேவைக்கு மிஞ்சிய பாஸ்பரசை உறிஞ்சிக்கொள்கின்றன. சாதாரணக் கசட்டின் உலர் எடையில் 2 விழுக்காடு அளவே இருக்கும் பாஸ்பரஸ், இந்த முறையில் 5 விழுக்காட்டையும் தாண்டக்கூடும். அந்தக் கசட்டை அகற்றும்போது பாஸ்பரசும் போய்விடுகிறது. இதற்கு வெறும் கரிமப்பொருள் இருந்தால் போதாது. உடனே உண்ணத்தக்க கரைந்த அமிலமாக அது இருக்க வேண்டும்.

ஆகவே முன்சுத்திகரிப்பைப் பற்றிய கேள்வி உண்மையில் கரிமப்பொருளைப் பற்றிய கேள்வி. அது எவ்வளவு நீக்கப்படுகிறது, எந்த வடிவில் மிஞ்சுகிறது, உரிய தொட்டியை அடைவதற்கு முன் வீணாகிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

சல்லடையும் மணல் தொட்டியும்

துணி, பிளாஸ்டிக் உறை, நாப்கின், குச்சி ஆகியவற்றைப் பிடிக்கும் சல்லடைகள் நைட்ரஜனையோ பாஸ்பரசையோ குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை. எனினும் தொட்டியின் கலக்கிகளிலும் குழாய்களிலும் துணி சுற்றிக்கொண்டால் காற்றில்லாப் பகுதியில் கலப்பு குலையும். கசடு அடியில் தங்கும். வடிவமைத்தபடி நைட்ரேட் ஒடுக்கம் நடக்காது. சவ்வு வடிப்பு முறை கொண்ட நிலையங்களில் 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள நுண்சல்லடை இல்லாவிட்டால் சவ்வுகளே பழுதாகும்.

மணல் நீக்கும் தொட்டியில் கவனிக்க வேண்டியது காற்று. பழைய வடிவமைப்புகள் பலவற்றில் மணல் மட்டும் படிந்து கரிமப்பொருள் மிதந்து செல்வதற்காகத் தொட்டியின் ஒரு பக்கத்திலிருந்து காற்றுக்குமிழிகள் செலுத்தப்படுகின்றன. மணலைப் பிரிக்க இது நல்ல முறை. ஆனால் அங்கே நீரில் கரையும் ஒவ்வொரு மில்லிகிராம் ஆக்சிஜனும், அடுத்து வரும் காற்றில்லாத் தொட்டியில் குறைந்தது ஒரு மில்லிகிராம் எளிதில் சிதையும் கரிமப்பொருளையாவது எரித்துவிடும். சமைக்கும் நேரத்துக்கு முன்பே விறகை எரித்துத் தீர்ப்பதற்கு இது ஒப்பாகும். ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு நீர் உயரத்திலிருந்து தடுப்பணை வழியே கொட்டும் இடங்களிலும் இதே இழப்பு நேர்கிறது. பாஸ்பரஸ் நீக்கம் தேவைப்படும் நிலையங்களில் காற்று ஊட்டாத சுழல்வகை மணல் தொட்டியைத் தேர்வதும், நீர் விழும் உயரத்தைக் குறைப்பதும் இதனால்தான்.

முதல்நிலைப் படிவு

கழிவுநீரை ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் அசையாமல் வைத்தால் மிதக்கும் திடப்பொருளில் 50 முதல் 70 விழுக்காடும், பி.ஓ.டி.யில் 25 முதல் 40 விழுக்காடும் அடியில் படிந்துவிடும். நைட்ரஜனும் பாஸ்பரசும் பெரும்பாலும் கரைந்த நிலையில் இருப்பதால் ஏறத்தாழ 10 விழுக்காடுதான் குறைகின்றன. கரிமப்பொருள் பெருமளவு போய், நைட்ரஜன் பெரும்பாலும் அப்படியே தங்கும் இந்த ஏற்றத்தாழ்வே சிக்கலின் வேர்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதைத் தெளிவாக்கும். நிலையத்துக்கு வரும் நீரில் லிட்டருக்கு 240 மில்லிகிராம் பி.ஓ.டி.யும் 45 மில்லிகிராம் நைட்ரஜனும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டுக்கும் உள்ள விகிதம் 5.3. படிவுத் தொட்டியில் பி.ஓ.டி. 35 விழுக்காடு குறைந்து 156 ஆகிறது. நைட்ரஜன் 10 விழுக்காடு குறைந்து 40.5 ஆகிறது. விகிதம் 3.9-க்கு இறங்கிவிடுகிறது. நைட்ரேட் ஒடுக்கத்துக்குத் தேவையான நான்கு மடங்கு என்ற எல்லையைத் தாராளமாகத் தாண்டியிருந்த நீர், இப்போது அதற்குக் கீழே வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு நீரைப் படிவுத் தொட்டிக்கு அனுப்பாமல் நேராக உயிரியல் தொட்டிக்குத் திருப்பினால், கலந்த நீரில் பி.ஓ.டி. 184 ஆகவும் நைட்ரஜன் 42 ஆகவும் இருக்கும். விகிதம் 4.4-க்கு ஏறும். ஒரு மதகைத் திறப்பதால் மட்டுமே கிடைக்கும் மாற்றம் இது.

அதற்காகப் படிவுத் தொட்டியே வேண்டாம் என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. அது கரிமப்பொருளைக் குறைப்பதால் காற்றுத் தொட்டியின் அளவும் மின்செலவும் குறைகின்றன. நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களுக்குப் போட்டி தணிகிறது. சிதையாத திடப்பொருள் தொட்டியில் சேராமல் இருப்பதால், அதே கொள்ளளவில் பயனுள்ள நுண்ணுயிர்களைக் கூடுதலாக வைத்திருக்க முடிகிறது. படிந்த கசடு செரிமானத் தொட்டியில் மீத்தேன் வாயுவைத் தருகிறது. சென்னையின் பெரிய நிலையங்களில் இந்த வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கப்படுகிறது. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றினால் போதும் என்ற இடத்தில் படிவுத் தொட்டி நன்மையே செய்கிறது. மொத்த நைட்ரஜனையும் குறைக்க வேண்டிய இடத்தில்தான் அது கணக்குப் பார்த்துப் பயன்படுத்த வேண்டியதாகிறது. இந்தியாவில் அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட, நீரைத் தொகுதி தொகுதியாக நிரப்பிச் சுத்திகரிக்கும் தொகுதிவாரி உலை நிலையங்கள் பலவும் முதல்நிலைப் படிவுத் தொட்டி இல்லாமலே இயங்குகின்றன. கரிமப்பொருள் முழுவதும் உயிரியல் தொட்டிக்குக் கிடைக்கிறது. அதற்கு விலையாக வாயு உற்பத்தி குறைகிறது.

வேதிப்பொருள் சேர்த்த படிவு

ஃபெரிக் குளோரைடு அல்லது ஆலம் எனப்படும் படிகாரத்தைக் கலந்தால் தானாகப் படியாத நுண்துகள்களும் திரண்டு படிகின்றன. கரைந்த பாஸ்பேட் இரும்புடனோ அலுமினியத்துடனோ சேர்ந்து திடப்பொருளாகிறது. பாஸ்பரசில் 70 முதல் 90 விழுக்காடு வரை இந்த ஒரே படியில் நீங்கிவிடும். பி.ஓ.டி.யில் பாதிக்கு மேல் குறைகிறது. ஆனால் கரைந்த அமோனியாவை இது தொடுவதில்லை. துகளாக உள்ள கரிம நைட்ரஜன் மட்டுமே குறைகிறது.

முன்பு சொன்ன எடுத்துக்காட்டு நீருக்கு இம்முறையைப் பயன்படுத்தி, பி.ஓ.டி. 55 விழுக்காடும் நைட்ரஜன் 20 விழுக்காடும் குறைந்ததாகக் கொண்டால் அவை 108, 36 என ஆகின்றன. விகிதம் 3.0. பாஸ்பரஸ் சிக்கல் தீர்ந்து நைட்ரஜன் சிக்கல் கடுமையாகிறது. வேறு இரண்டு பின்விளைவுகளும் உண்டு. இந்த உப்புகள் காரத்தன்மையைத் தின்கின்றன. லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் ஏறத்தாழ 46 மில்லிகிராம் காரத்தன்மை போகும். இயல்பிலேயே காரத்தன்மை குறைந்த நீராக இருந்தால், நைட்ரேட்டாக்கம் பாதியிலேயே தடைபடும். மேலும், பாஸ்பரசை ஒரேயடியாக நீக்கிவிட்டால் நுண்ணுயிர்கள் வளரத் தேவையான அளவுகூட மிஞ்சாது. நூறு பங்கு பி.ஓ.டி.க்கு ஒரு பங்கு பாஸ்பரசாவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி.

ஹாங்காங்கின் ஸ்டோன்கட்டர்ஸ் தீவு நிலையம் இம்முறையின் உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இடம் மிகக் குறைவான அந்நகரம், விக்டோரியா துறைமுகத்துக்குள் கலந்த கழிவுநீரை 2001 முதல் இங்கே வேதிப்பொருளால் படியவைத்து வருகிறது. குறைந்த பரப்பில் பெருமளவு திடப்பொருளையும் பி.ஓ.டி.யையும் நீக்க முடிந்தது. அமோனியா பெரிதும் குறையவில்லை. முறையின் தன்மையே அது.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் புளூ பிளெயின்ஸ் நிலையத்தில் இதே முறை வேறு துணைகளோடு செயல்படுகிறது. செசபீக் விரிகுடாவைப் பாசியிலிருந்து காக்க அந்நிலையம் நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டையும் மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. முதல்நிலைத் தொட்டியிலேயே இரும்பு உப்பு சேர்த்துப் பாஸ்பரஸ் நீக்கப்படுகிறது. அதனால் குறையும் கரிமப்பொருளை ஈடுகட்ட, நைட்ரேட் ஒடுக்கும் தொட்டியில் மெத்தனால் விலைக்கு வாங்கி ஊற்றப்படுகிறது. ஒரு கிராம் நைட்ரேட் நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 3 கிராம் மெத்தனால் செலவாகும் என்பது பொதுவான கணக்கு. முன்னால் எடுத்த கரிமப்பொருளைப் பின்னால் காசு கொடுத்துத் திரும்ப வாங்குவதே இதன் பொருள். செல்வ வளமுள்ள நகரத்துக்கு இது கட்டுப்படியாகும். எல்லா ஊர்களுக்கும் ஆகாது.

நுண்சல்லடையும் காகிதமும்

நெதர்லாந்திலும் நார்வேயிலும் படிவுத் தொட்டிக்குப் பதிலாகச் சுழலும் பட்டைச் சல்லடைகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே துளை கொண்ட இவை முக்கியமாகக் கழிவறைக் காகிதத்தின் செல்லுலோஸ் இழைகளைப் பிடிக்கின்றன. செல்லுலோஸ் மெதுவாகச் சிதைவது. ஆகவே அது நைட்ரேட் ஒடுக்கத்துக்கு உடனடி உணவாவதில்லை. அதை நீக்குவதால் தொட்டியில் இடம் மிச்சமாகிறது; கரைந்த கரிமப்பொருளும் கைவிட்டுப் போவதில்லை. எனவே படிவுத் தொட்டியைவிட நுண்சல்லடை நைட்ரஜன் நீக்கத்துக்குக் குறைந்த பாதிப்பையே தருகிறது. கழிவறையில் காகிதத்தைவிட நீரையே மிகுதியாகப் பயன்படுத்தும் தென்னாசிய நகரங்களில் செல்லுலோஸ் குறைவு என்பதால், அங்கே கிடைக்கும் ஆதாயத்தை அந்நாடுகளின் அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

கசட்டை நொதிக்க வைத்தல்

முதல்நிலையில் எடுத்த கசட்டையே உணவாக மாற்றித் திருப்பித் தருவது இன்னொரு வழி. தென்னாப்பிரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் பர்னார்ட் 1970-களில் உயிரியல் பாஸ்பரஸ் நீக்க முறையை வடிவமைத்தபோது, காற்றில்லாத் தொட்டியில் கொழுப்பு அமிலங்கள் கிடைப்பதே வெற்றிக்கு அடிப்படை என்பது தெரிய வந்தது. படிந்த கசட்டைச் சில நாட்கள் காற்றில்லாமல் வைத்தால், மீத்தேன் உருவாவதற்கு முந்தைய கட்டத்தில் அசிட்டிக், புரோப்பியானிக் அமிலங்கள் வெளிவரும். அந்தக் கரைசலை மட்டும் பிரித்து உயிரியல் தொட்டிக்கு அனுப்பினால் பாஸ்பரஸ் நீக்கம் வலுப்படுகிறது. கனடாவின் கெலோனா நகரில் 1982-இல் தொடங்கிய நிலையம், ஒகனகன் ஏரியைக் காக்க உயிரியல் முறையைக் கையாண்டது. குளிர் மிகுந்த அப்பகுதியில் கழிவுநீரில் இயல்பாக அமிலம் குறைவு என்பதால் கசடு நொதித்தல் அங்கே பெரிதும் உதவியது. நொதிக்கும்போது கசட்டிலிருந்து சிறிதளவு அமோனியாவும் பாஸ்பேட்டும் வெளிவரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கரிமத்தைப் பிரித்துவிடும் புதிய வழி

ஜெர்மனியின் ஆகன் நகரில் போத்தோ போன்கே 1970-களில் உருவாக்கிய இரு கட்ட முறையில், முதல் கட்டத்திலேயே குறைந்த நேரத்தில் கரிமப்பொருள் பெருமளவு கசடாகப் பிரிக்கப்படுகிறது. மின்சாரம் எடுக்க இது மிக ஏற்றது. ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையம் இவ்வழியில் தன் தேவைக்கு மேல் மின்சாரம் உற்பத்தி செய்து பெயர் பெற்றது. இவ்வளவு கரிமத்தை எடுத்துவிட்டால் நைட்ரஜனை எப்படி நீக்குவது என்ற கேள்விக்கு விடையாக வந்தது அனம்மாக்ஸ் பாக்டீரியா. இது அமோனியாவையும் நைட்ரைட்டையும் நேரடியாகச் சேர்த்து நைட்ரஜன் வாயுவாக்குகிறது. கரிமப்பொருளே தேவையில்லை, காற்றுச் செலவும் பாதிக்கும் குறைவு. இதன் முதல் முழுஅளவு உலை 2002-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் இயங்கத் தொடங்கியது.

அந்த உலை பயன்பட்டது கசடு பிழிந்த சூடான, அடர்ந்த நீருக்கு. நிலையத்துக்கு வரும் மையக் கழிவுநீரில் அனம்மாக்சைப் பயன்படுத்துவது கடினம். நீர் குளிர்ந்தும் நீர்த்தும் இருப்பதே காரணம். ஆண்டு முழுவதும் நீர் வெதுவெதுப்பாக இருக்கும் சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில், மையத் தொட்டியிலேயே அனம்மாக்ஸ் செயல்படுவது கண்டறியப்பட்டுள்ளது. வெப்ப மண்டல நாடுகளுக்கு இது நம்பிக்கை தரும் செய்தி.

காற்றில்லாத் தொட்டி

உயிரியல் தொட்டிக்கு முன்னால் வைக்கப்படும் காற்றில்லாத் தொட்டியான, மேல்நோக்கிப் பாயும் கசட்டுப் படுகை உலை இந்தியாவுக்கு நன்கு அறிமுகமானது. நெதர்லாந்து உதவியுடன் கான்பூரின் ஜாஜ்மௌவில் 1989-இல் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் திறனுள்ள உலை அமைக்கப்பட்டது. பிறகு யமுனைக் கரை நகரங்களில் பல உலைகள் வந்தன. காற்றூட்ட மின்சாரம் வேண்டாம், பி.ஓ.டி.யில் 60 முதல் 70 விழுக்காடு குறையும். ஆனால் ஊட்டங்கள் குறைவதில்லை. கரிம நைட்ரஜன் அமோனியாவாக மாறுவதால் வெளிவரும் நீரில் அமோனியா கூடுகிறது. எளிதில் சிதையும் கரிமம் மீத்தேனாகப் போய்விட்டதால் நைட்ரேட் ஒடுக்கத்துக்கும் பாஸ்பரஸ் நீக்கத்துக்கும் உணவு மிஞ்சுவதில்லை. இந்த உலைக்குப் பின் வெறும் காற்றுத் தொட்டியை இணைப்பதால் மொத்த நைட்ரஜன் வரம்பை எட்ட முடியாது. ஒரு பகுதி நீரை உலைக்குச் செலுத்தாமல் நேரே அனுப்புவது ஒரு தீர்வு.

நிலையத்துக்கு வெளியே நடக்கும் முன்சுத்திகரிப்பு

வடிவமைப்பு வரைபடத்தில் இடம்பெறாத ஒரு முன்சுத்திகரிப்பும் உண்டு. இந்திய நகரங்களில் பல வீடுகளின் கழிவு செப்டிக் தொட்டி வழியாகவே சாக்கடைக்கு வருகிறது. அந்தத் தொட்டியில் திடமான கரிமம் படிந்துவிடுகிறது. சிறுநீரின் நைட்ரஜன் முழுவதும் வெளியேறுகிறது. மழைநீரும் நிலத்தடி நீரும் உடைந்த குழாய்களில் கசிந்து சேர்வதால் நீர் மேலும் நீர்த்துப்போகிறது. நிலையத்தை அடையும்போதே கரிம விகிதம் தாழ்ந்திருந்தால், அங்கே மறுபடியும் படியவைப்பது கேட்டையே தரும். பாதாளச் சாக்கடை இணைப்பு பெற்ற வீடுகளில் செப்டிக் தொட்டியைத் தவிர்ப்பது நைட்ரஜன் நீக்கத்துக்கும் உதவும் செயல். மாறாக, வெயில் மிகுந்த ஊர்களின் நீண்ட குழாய்களில் கழிவுநீர் தானாகவே ஓரளவு நொதித்து அமிலம் தருகிறது. இது பாஸ்பரஸ் நீக்கத்துக்கு நல்லது. கூடவே உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு குழாயை அரிக்கிறது, தொழிலாளர் உயிருக்கும் ஆபத்தாகிறது.

திரும்பி வரும் சுமை

முன்சுத்திகரிப்பில் எடுக்கும் கசடு காணாமல் போவதில்லை. செரிமானத் தொட்டியில் அது சிதையும்போது உள்ளே இருந்த நைட்ரஜன் அமோனியாவாகக் கரைகிறது. கசட்டைப் பிழிந்த நீர், நிலையத்தின் மொத்த நீரில் ஒன்றிரண்டு விழுக்காடே இருந்தாலும் நைட்ரஜன் சுமையில் 15 முதல் 25 விழுக்காட்டைத் திரும்பவும் வாயிலுக்குக் கொண்டுவருகிறது. கசட்டை உயர் அழுத்த நீராவியில் வேகவைக்கும் முறை வாயு உற்பத்தியைக் கூட்டுகிறது, அமோனியாவையும் கூட்டுகிறது. இந்த நீரைத் தனியே அனம்மாக்ஸ் உலையில் சுத்தம் செய்வதோ, மெக்னீசியம் சேர்த்துப் பாஸ்பரசை ஸ்ட்ரூவைட் உரமாகப் பிரிப்பதோ சுமையைக் குறைக்கும். முதல்நிலையில் இரும்பு உப்பு சேர்த்திருந்தால் பாஸ்பரஸ் இரும்போடு பிணைந்துகொள்வதால் உரமாக மீட்பது கடினம்.

விதிகளும் தேர்வும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991-ஆம் ஆண்டு விதிகள், பாசி பெருகும் ஆபத்துள்ள நீர்நிலைகளில் கலக்கும் பெரிய நகரங்களுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் மொத்த நைட்ரஜன், 1 மில்லிகிராம் மொத்த பாஸ்பரஸ் என்ற வரம்பை வைத்தன. இந்தியாவில் 2017-இல் அறிவிக்கப்பட்ட விதிகளில் இவ்விரண்டுக்கும் வரம்பு இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையே 10, 1 என்ற அதே அளவுகளை வலியுறுத்தியது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் சுத்திகரித்த நீரை எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் மேலும் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் வந்துள்ளன. நீரில் மிஞ்சும் பாஸ்பேட் கால்சியத்துடன் சேர்ந்து சவ்வில் படியக்கூடும் என்பதால், ஊட்ட நீக்கம் மறுபயன்பாட்டுக்கும் அடிப்படையாகிறது.

எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே முன்சுத்திகரிப்பு முறை கிடையாது. கரிமம் நிறைந்த அடர்ந்த கழிவுநீருக்குப் படிவுத் தொட்டி ஏற்றது. நீர்த்த கழிவுநீருக்கு அதைத் தவிர்ப்பதோ, ஒரு பங்கைத் திருப்பிவிடுவதோ நல்லது. பாஸ்பரஸ் மட்டும் சிக்கல் என்றால் இரும்பு உப்பு விரைவான தீர்வு. இரண்டும் சிக்கல் என்றால் கசடு நொதித்தலையும் பிழிந்த நீரின் தனிச் சுத்திகரிப்பையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். எந்த முறையைத் தேர்வதற்கும் முன்னால், அந்த ஊரின் கழிவுநீரில் பி.ஓ.டி., நைட்ரஜன், பாஸ்பரஸ், காரத்தன்மை ஆகியவற்றைக் கோடையிலும் மழையிலும் அளந்து பார்ப்பது கட்டாயம். முதல்நிலை அலகு எவ்வளவு பி.ஓ.டி.யைக் குறைத்தது என்பதை மட்டும் பார்த்து அதற்கு மதிப்பெண் போடும் ஒப்பந்த விதிகள் மாற வேண்டும். உயிரியல் தொட்டிக்கு எவ்வளவு கரிமத்தை, எந்த விகிதத்தில் அது விட்டுவைத்தது என்பதையும் அந்த விதிகள் கேட்க வேண்டும்.